'சென்ட் டவுன்': ஒரு சொல்லின் செருக்கு

ஆங்கிலத்தில் நம்மைத் திணற அடிப்பவை பெரிய சொற்களல்ல, சிறிய சொற்களே. 'சென்ட்' என்றால் அனுப்புதல். 'டவுன்' என்றால் கீழே. இரண்டும் பள்ளியிலேயே கற்றவைதாம். ஆனால், ஒரு மாணவனை ஆக்ஸ்போர்டிலிருந்து 'சென்ட் டவுன்' செய்தார்கள் என்று படித்துவிட்டு, மாடியிலிருந்து கீழே அனுப்பினார்கள் என்று பொருள் கொண்டால் கதை கெட்டது! பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேற்றினார்கள் என்பதே பொருள்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் செல்வதை ஆங்கிலேயர் 'மேலே போவது' என்பர். அங்கிருந்து திரும்புவதைக் 'கீழே வருவது' என்பர். இலண்டன் மாநகருக்கே சென்றாலும் அது கீழேதான்! எனவே, வெளியேற்றப்பட்டவன் கீழே அனுப்பப்பட்டவன் ஆனான். நீதிமன்றத்தில் இதே தொடர் சிறைக்கு அனுப்புவதைக் குறிக்கும். கிரிக்கெட்டிலோ ஓவர் வீசுவதைக் குறிக்கும். இடமறிந்து பொருள் கொள்ளல் வேண்டும்.

சில காலம் மட்டும் விலக்கி வைப்பதற்கு 'ரஸ்டிகேட்' என்னும் சொல் உண்டு. அது நம் நாட்டுக் கல்லூரிகளிலும் வழங்குகிறது. நாட்டுப்புறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. கிராமத்துக்கு அனுப்புவதே தண்டனையாம்! கிராமத்திலிருந்து படிக்க வந்த நம்மில் பலர் இச்சொல்லைக் கேட்டுச் சிரிப்பதா, சினப்பதா?

சொல்லில் மட்டுமன்று, செயலிலும் இச்செருக்கு இருந்தது. 1811ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆக்ஸ்போர்டு யூனிவர்சிட்டி கல்லூரி ஷெல்லியை வெளியேற்றியது. அப்போது அவருக்கு வயது 18. நாத்திகம் பற்றிப் பெயரின்றி வெளிவந்த சிறு நூலை எழுதியது நீதானா என்று கேட்டனர்; அவர் விடை கூற மறுத்தார். நண்பர் ஹாக்கும் அவ்வாறே மறுத்து வெளியேறினார். 1822இல், முப்பது வயது நிறையுமுன் ஷெல்லி கடலில் மூழ்கி மாண்டார். 1893இல் அதே கல்லூரி தன் வளாகத்திலேயே அவருக்குப் பளிங்குச் சிலையுடன் நினைவுமண்டபம் திறந்தது. கீழே அனுப்பியவனை மேலே ஏற்றி வைக்க எண்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின!

அடிதடிக்கும் திருட்டுக்கும் தண்டனை வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால், எண்ணியதற்காகவும் எழுதியதற்காகவும் ஒருவனை வெளியேற்றும் கல்விக்கூடம் தன்னையே தாழ்த்திக் கொள்கிறது என்பது என் கருத்து. கேள்விக்கு விடை வாதமே, வாயிற்கதவு அன்று.

மாணவ நண்பர்களே! இத்தகைய தொடர்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். 'கீழே' என்று சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்றும் கேளுங்கள். மொழியறிவு அங்கேதான் தொடங்குகிறது.