சூளையா பயிற்சி கொடுத்தது?

சேரியிலிருந்து ஒருத்தி ஓடி ஜெயித்துவிட்டால் நம் பத்திரிகைகளுக்கு ஒரே ஒரு கதைதான் எழுதத் தெரிகிறது. அப்பா அம்மா செங்கல் சூளையில், குடிசையில் கரண்ட் இல்லை, காலில் செருப்பில்லை, ஆனாலும் 'வறுமையை வென்றாள்'. படிக்கிற சாதி இந்து வாசகனுக்குக் கண் கலங்கும். பட்டினிதான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தது என்கிற எண்ணமும் கூடவே மண்டையில் ஏறிக்கொள்ளும். அப்புறம் பட்டினியை எதுக்கு ஒழிக்கணும்?

சாந்தி சௌந்தரராஜனை இப்படித்தான் எழுதினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, தலித் குடும்பம். பெற்றோர் வெளியூர்ச் சூளைக்குப் போய்விட, கூடப் பிறந்த நாலு பேருக்கும் சமைத்துப் போட்டு வளர்த்தது மூத்தவளான சாந்தி. மண் பாதையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. முதல் ஷூ வாங்கித் தந்ததும் அவர்தான். 2005 இல் இஞ்சியோன் ஆசியத் தடகளப் போட்டியில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி.

800 மீட்டர் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று. பார்க்கிறவனுக்கு ரெண்டு நிமிஷ சமாச்சாரம். அதற்குப் பின்னால் வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் ஓட்டம். நீண்ட தூரம் மெதுவாக, குறைந்த தூரம் மூச்சு முட்ட. ஆனால் ஓடுகிறபோது உடம்பு பலமாவதில்லை, தேய்கிறது. தேய்ந்த தசை சாப்பிட்டுத் தூங்குகிறபோதுதான் பலப்படுகிறது. பிராணவாயுவைத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ரத்தத்தில் இரும்பு வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. சேரிக்கு எட்டுகிற விலையில் இரும்பும் புரதமும் தருவது மாட்டுக்கறி. அதைத் தீட்டென்று தள்ளுகிற நாடு, சத்துணவில் முட்டை போடவே மறுக்கிற மாநிலங்களை வைத்திருக்கிற நாடு, பதக்கத்தை மட்டும் கூசாமல் கேட்கிறது. சூளை ஓட்டக்காரியை உண்டாக்கவில்லை தோழர்களே. அவளுடைய தூக்கத்தையும் சோற்றையும் திருடியது. திருடியது போக மிச்சமிருந்த உடம்பு ஓடியதுதான் அந்த 2 நிமிடம் 3.16 விநாடி.

எங்கள் ஓசூரில் இந்தத் திருட்டுக்குப் பெயர் ஷிப்ட். சிப்காட் பக்கம் விடியற்காலையில் ஓடுகிற பசங்களில் பலர் ஒலிம்பிக்குக்காக ஓடவில்லை, போலீஸ் வேலைக்காக ஓடுகிறார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒப்பந்தத் தொழிலாளி. நைட் ஷிப்ட் முடிந்து நேராக ஓடப் போவான், ஓடிவிட்டு வந்து எங்கள் பேங்க் கவுன்டரில் தூங்கி விழுவான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி. ஆறு வாரம் ஓடாமல் இருந்தால் சரியாகிவிடும், ஆனால் தேர்வு காத்திருக்காது. நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் போச்சு. நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் கண்டீரவா மைதானம் இருக்கிறது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்வர அவனுக்கு எந்த ஷிப்டில் நேரம்?

காயமும் களைப்பும் ஓடுகிற எல்லாருக்கும் உண்டு. சாந்திக்கு வந்தது வேறு. தோஹாவில் ஓடி முடித்தபின் 'பாலினச் சோதனை' என்று உடம்பைப் புரட்டிப் பார்த்து, பதக்கத்தைப் பறித்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் சோதனை என்கிற வழக்கத்தை 1999 இலேயே ஒலிம்பிக் கமிட்டி கைவிட்டிருந்தது. அதன்பின் 'சந்தேகம்' வந்தால்தான் சோதனை. கறுத்து, இறுகி, வேலை செய்து முறுக்கேறிய உடம்பின் மேல்தானே அந்தச் சந்தேகம் வசதியாய் விழும்? ஒரு பெண்ணின் உடம்பு ரகசியம் டிவியில் ஓடியது. அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு டிவியும் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சாந்தி அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2012 இல் பார்த்தால் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு அதே சூளை. அப்போதும் பத்திரிகைகள் கண்ணீர் விட்டன. பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர வேலை கிடைக்கும்போது 2016 ஆகிவிட்டது.

ஒடிசாவின் டூட்டி சந்தை 2014 இல் இதேபோல ஒதுக்கினார்கள். அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள், இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. 2016 இல் ரியோவில் ஓடினார். சாந்திக்காக அப்படி ஒரு முறையீட்டுக்குத் தடகளச் சம்மேளனம் போகவில்லை. 'விதி' என்று நம் கிழவிகள் சொல்வது இதைத்தான் போல.

இப்போது 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் ஒருமுறை மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே சோதனை, ஆகவே சமத்துவம் என்பார்கள். கன்னத்தில் பஞ்சு தேய்த்து எடுப்பது எல்லாருக்கும் ஒன்றுதான். முடிவு வந்த மறுநாள் யாருக்கு டாக்டர், யாருக்கு வக்கீல், யாருக்குச் சூளை என்பது ஒன்றா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெண் பஞ்சுக்குக் கன்னத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே சில விஷயங்கள் எழுத்தில் வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு டாக்டர். முடிவு அவள் கையில் மட்டும். அரசுச் செலவில் வக்கீல். ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகாத ஒரு வேலை. ஆதிதிராவிடர் நல விடுதியில் ஓடுகிற பிள்ளைகளுக்குக் கூடுதல் கறியும் முட்டையும். மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு இதை மனுவாக எழுதுவதற்கு நம் மாணவர்களுக்கு ஒரு சாயங்காலம் போதும்.