சைக்கிளைப் பறிக்காதீர், வாளியை இறக்குங்கள்!



இன்று ஓர் அரைப் பக்கக் காகிதத்தைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அதைத் தட்டச்சு செய்தது நாமே. பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டியதும் நாமே. ஆகவே அதைக் கண்டித்து எழுதும் முதல் கடமையும் நமக்கே உண்டு.

காகிதத்தில் கண்டது இவ்வளவுதான்: 'கர்ப்பிணிப் பெண்கள் தோட்ட எல்லைக்குள் சைக்கிள் ஓட்டக் கூடாது. மீறி ஓட்டினால் விளையும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.' கீழே துரையின் கையெழுத்து.

மேலோட்டமாகப் படித்தால் கருணை மிகுந்த உத்தரவு போலவே தோன்றும். வயிற்றுப் பிள்ளையின் மேல் நிர்வாகத்திற்கு இத்தனை அக்கறையா என்று வாய் பிளக்கத் தோன்றும். ஆனால் தோழர்களே, அந்த உத்தரவு வந்த பின் நம் தோட்டத்தில் நடந்தது என்ன என்பதையும் கேளுங்கள்.

மரம் வெட்டும் சகோதரி ஒருவர். ஆறு மாதக் கர்ப்பிணி. லயத்திலிருந்து அவருடைய தீம்பாருக்கு 3 கிலோமீட்டர். எட்டு ஆண்டுகளாக அந்தத் தூரத்தைச் சைக்கிளிலேயே போய் வந்தவர். பொழுது ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் குறையும் என்பது மரத்தோடு பழகிய எவருக்கும் தெரியும். உத்தரவு வந்த மறுநாள் முதல் அந்தச் சகோதரி நாலு மணிக்கே எழுந்து, கையில் விளக்கோடு, இருட்டில் நடந்தார். இரண்டு நாள் எப்படியோ நேரத்துக்கு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் பிந்தினார். நாலாம் நாளும் பிந்தினார். இரண்டு நாளும் மண்டோர் அரைப்பேர் என்றார். செக்ரோலில் அரைப்பேர் என்று எழுதியது யார்? அதுவும் நாமே.

கதை அதோடு முடியவில்லை. சைக்கிள் இருந்த காலத்தில் நிரையிலிருந்து ரோடு வரைக்கும்தான் அவர் காண்டா தூக்குவார். ரோட்டுக்கு வந்ததும் பாலைச் சைக்கிளில் கட்டி, கொட்டகை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். சைக்கிள் போன பிறகு நிரையிலிருந்து கொட்டகை வரைக்கும் வழி முழுவதும் தோளில் காண்டா. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ. வாளிக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாளிக்கு 30 கிலோ. ஆறு மாத வயிற்றோடு அந்தச் சுமையைத் தூக்கி அவர் மேட்டில் ஏறுவதை, காலையில் சைக்கிளுக்குத் தடை சொன்ன அதே மண்டோர் பதினோரு மணிக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத்தான் உத்தரவு இல்லையே!

சம்பள நாளன்று அந்தச் சகோதரி ஆபீஸ் ஜன்னலருகே வந்தார். பணத்தை எண்ணினார். எண்ணி முடித்து ஒன்றே ஒன்று கேட்டார்:

"கிராணி ஐயா, சைக்கிள் மிதிச்சா பிள்ளைக்கு ஆகாதுன்னு எழுதி ஒட்டினீங்க. சரி. காண்டா தூக்கினா ஆகுமா ஆகாதான்னும் எழுதி ஒட்டிடுங்களேன்."

நமக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்குத்தான் இன்று பதில் எழுதுகின்றோம்.

முதலில் எதிர்த்தரப்பு வாதத்தை நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணி சைக்கிளிலிருந்து விழுந்தால் ஆபத்து என்கிறார்கள். பொய்யல்ல. முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக்குள் அடங்கியிருக்கும். அதற்குப் பின் மேலெழும்பி, வயிறு முன்னே தள்ளும். உடம்பின் எடை முன்பக்கம் சாயும். முன்னைப் போல் நிதானம் கிடைக்காது. நம் தோட்டத்துச் செம்மண் ரோடோ மழை பெய்தால் சறுக்கும். வெயில் அடித்தால் பள்ளம் பல்லை இளிக்கும். விடியுமுன் இருட்டில், நிறைமாதத்தில், பின்னால் பால் டின்னைக் கட்டிக்கொண்டு இந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டு என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம்.

ஆனால் மருத்துவம் சொல்வது என்ன? கர்ப்பம் என்பது நோயல்ல என்று சொல்கிறது. வேறு உபாதை இல்லாத கர்ப்பிணி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வழிகாட்டியது. அதே ஆண்டில் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தார், ஒரே இடத்தில் நிற்கும் பயிற்சிச் சைக்கிளை மிதிப்பதைப் பாதுகாப்பான பயிற்சிகளில் சேர்த்தனர். கரடுமுரடான காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதை விழும் அபாயம் உள்ளதென்று விலக்கச் சொன்னார்கள். கவனியுங்கள் தோழர்களே! மிதிப்பது குற்றமல்ல, விழுவதுதான் அபாயம். கால் செய்யும் வேலையால் கேடில்லை. கேடு இருப்பது ரோட்டில். அப்படியானால் திருத்த வேண்டியது எதை? சகோதரியின் காலையா, நிர்வாகத்தின் ரோட்டையா?

நியூசிலாந்து நாட்டில் ஜூலி ஆன் ஜென்டர் என்னும் அம்மையார் 2018 ஆகஸ்டு மாதம், அமைச்சராக இருந்தபோதே, பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் சென்றார். 2021 நவம்பரில் இரண்டாம் பிள்ளைக்குப் பிரசவ வலி கண்ட பின்னும் சைக்கிளிலேயே போனார். உலகப் பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின. 'அது பெரிய இடத்துக் கதை, நமக்கென்ன?' என்பீர்கள். உண்மைதான். 2018இல் அவர் ஓட்டியது மின்சார விசை வைத்த சைக்கிள். போனது நகரத்துச் சாலை. ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ததும் அவரே. அவர் தோளில் பால் வாளி இல்லை. பிந்திப் போனால் அரைப்பேர் போட மண்டோரும் இல்லை. அமைச்சர் அம்மாள் மிதித்தால் துணிச்சல், மரம் வெட்டும் அம்மாள் மிதித்தால் குற்றம் என்பது என்ன நியாயம்?

இனிச் சுமைக்கு வருவோம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தோட்டத் தொழிலாளருக்கென்றே 1958இல் 110ஆம் ஒப்பந்தத்தை வகுத்தது. பிரசவ விடுப்புக்கு முந்திய காலத்தில் கர்ப்பிணிக்குக் கேடு செய்யும் எந்த வேலையையும் அவர்மேல் சுமத்தக் கூடாது என்பது அதில் உள்ள விதி. அதே நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 191ஆம் பரிந்துரை, கர்ப்பிணிக்கு மாற்றித் தர வேண்டிய வேலைகளைப் பெயர் சொல்லியே அடுக்குகிறது: பளு தூக்குவது, சுமப்பது, தள்ளுவது, இழுப்பது; நச்சுப் பொருளோடு புழங்குவது; நெடுநேரம் நிற்பது; உடம்பைச் சமன்செய்து நிற்க வேண்டிய வேலை. காண்டாக் கம்பு இதில் எதில் சேராது? இரண்டு வாளியும் ஆடாமல் தோளில் நிறுத்தி மேடு ஏறுவது பளுவும் ஆகும். சமன் செய்வதும் ஆகும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன தருகிறது? 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாயிற்று. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. நல்ல மாற்றங்கள், வரவேற்றோம். ஆனால் அந்த விடுப்பு பிரசவத்துக்கு 30 நாளைக்கு முன்னால் தொடங்காது. அப்படியானால் அதற்கு முந்திய எட்டு மாதம்? அந்த எட்டு மாதமும் அந்தச் சகோதரி நிரையில்தான் நிற்கிறார். அந்தக் காலத்துக்கு 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வேலையாளின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் இயன்ற அளவு காக்கும் கடமை முதலாளியுடையது என்று அது சொல்கிறது. கடமை முதலாளிக்கு என்றால், 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகையில் ஒட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியுமா?

'வழியில் விழுந்தால் யார் பதில் சொல்வது?' என்று ஆபீசில் நம்மையே கேட்டார்கள். 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் பெர்க்கேசோ காப்பு உண்டு. அதற்கான சந்தாவை மாதந்தோறும் கணக்குப் போட்டுக் கட்டுவது கிராணிமார் வேலை. எமக்குத் தெரியாதா? தடைக்குக் காரணம் கருணையும் அல்ல, காப்பு இல்லாமையும் அல்ல. சைக்கிளைத் தடை செய்ய ஒரு காகிதம் போதும். வாளியை இறக்கவோ ஆள் வேண்டும், லாரி வேண்டும், பணம் வேண்டும். செலவில்லாத கருணையைப் பலகையில் ஒட்டினார்கள். செலவுள்ள கருணையை மறந்தார்கள். விஷயம் இவ்வளவுதான்!

இந்தக் கருணையை நாம் முன்பும் கண்டிருக்கிறோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லித் தொட்டியை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்களில் பெருந்தொகையினர் பெண்களே. 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத்தடை வர 2020 ஜனவரி 1 ஆயிற்று. அத்தனை ஆண்டும் முதுகில் விஷம் சுமந்தவர்களின் வயிற்றைப் பற்றி எந்தப் பலகையில் எந்தக் காகிதம் ஒட்டப்பட்டது?

நிர்வாகத்தை மட்டும் சாடிவிட்டு நம்மவரை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. கிளைக் கூட்டத்தில் நாம் இதை எடுத்தபோது சில தோழர்கள் சிரித்தார்கள். 'சம்பளம் கிடக்கிறது, வீடு கிடக்கிறது, சைக்கிளுக்கா சங்கம்?' என்றார் ஒருவர். தோழரே, இரண்டு அரைப்பேர் விழுந்ததே, அது சம்பளமில்லையா? 'வயிற்றுப் பிள்ளைக்காரி சைக்கிள் மிதிக்கலாமா?' என்று லயத்தில் மாமியார்மார் முகம் சுளிக்கிறார்கள். அதே மாமியார்மார் அடிக்குழாயில் தண்ணீர்க் குடத்தை அவர் இடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். காண்டா தூக்கிய மனைவிக்குப் பின்னே வெறுங்கையோடு நடந்து வரும் கணவன்மாரையும் நாம் அறிவோம். துரையைக் கேட்கும் கேள்வியை நம் வீட்டிலும் கேட்டாக வேண்டும்.

அப்படியானால் யார் முடிவு செய்வது? மண்டோர் அல்ல, மாமியார் அல்ல, கிராணியும் அல்ல. கிளினிக்கில் கர்ப்பிணிக்கு ஒரு கார்டு புத்தகம் கொடுக்கிறார்கள். அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டி, எவருக்கு எவ்வளவு கவனிப்பு வேண்டும் என்று குறிக்கிறார்கள். இரத்தச் சோகையோ, இரத்த அழுத்தமோ, நச்சுக்கொடி கீழிறங்கிய நிலையோ உள்ளவருக்கு மிஸ்ஸியும் டாக்டரும் என்ன சொல்கிறார்களோ அதுவே சட்டம். நலமாக இருப்பவர் அவர்களைக் கேட்டு, தம் உடம்பையும் ரோட்டையும் பார்த்து, மிதிப்பதா இறங்கித் தள்ளுவதா நிறுத்துவதா என்று தாமே முடிவு செய்யட்டும். சகோதரிகளே, ஒன்று மட்டும் மறவாதீர்கள்: இரத்தம் கண்டாலோ, நீர் கசிந்தாலோ, வயிறு இழுத்து வலித்தாலோ, தலை சுற்றினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, சைக்கிளையும் உளியையும் அங்கேயே போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். அரைப்பேரைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

நாம் கேட்பது ஐந்து. முதலாவது, கர்ப்பிணி என்று தெரிந்த நாள் முதல் அவர் காண்டா தூக்கக் கூடாது. பாலை நிரையிலிருந்தே எடுத்துச் செல்ல ஆள் போட வேண்டும். இரண்டாவது, மாதம் ஏறியவருக்குச் சம்பளம் குறையாமல் லயத்துக்குப் பக்கத்தில் லேசான வேலை தர வேண்டும். மூன்றாவது, சைக்கிளை விட்டவருக்குத் தோட்ட லாரியில் முன்னால் உட்கார இடம் வேண்டும். நடந்து வருகிறவர் பிந்தினால் அரைப்பேர் போடக் கூடாது. நாலாவது, லயத்திலிருந்து தீம்பார் வரை பள்ளத்தை அடைத்து ரோட்டைச் சீர்ப்படுத்த வேண்டும். ஐந்தாவது, கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர் வேண்டும்.

இவ்வைந்தையும் ஒரு காகிதத்தில் அடித்து வைத்துவிட்டோம். பழைய காகிதம் அளவுதான். அதே அரைப் பக்கம். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கின்றோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் அதைப் படிக்கப் போகின்றோம். அந்தச் சகோதரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்கு ஏழாம் மாதம். பழைய காகிதம் இன்னும் பலகையில்தான் இருக்கிறது. அவர் இன்னும் நடந்துதான் வருகிறார். காண்டா இன்னும் அவர் தோளில்தான் இருக்கிறது.

தோழர்களே, அன்று சிரித்தவர்களும் தவறாமல் வாருங்கள். அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!