ஆண்களை விட பெண்கள் அதிகம்... ஆனா சந்தோஷப்பட முடியாது! மலை கிராமங்களின் சென்சஸ் கணக்கு சொல்வது என்ன?

1,000 ஆண்களுக்கு 1,103 பெண்கள். உத்தராகண்ட் மாநிலம் பவுரி கர்வால் மாவட்டத்தின் 2011 சென்சஸ் கணக்கு இது. நாட்டின் சராசரியே 943 தான். அப்படின்னா, அங்க பெண் குழந்தைகள் அதிகமா பிறக்கிறாங்களா? அதுதான் இல்லை.

ஆண்கள் எங்கே போனாங்க?

சென்சஸில் 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தனி கணக்கு உண்டு. அதில் உத்தராகண்ட் முழுக்க 1,000 ஆண் குழந்தைகளுக்கு 890 பெண் குழந்தைகள்தான். ஆக, பிறப்பில் ஆண்களே அதிகம். வேலை தேடி அவங்க ஊரை விட்டுப் போனதால்தான் கணக்கு தலைகீழா மாறுது. வெளியூரில் தங்கி வேலை பார்ப்பவர், அவர் தங்கியிருக்கும் இடத்தின் கணக்கில்தான் வருவார். சொந்த ஊரில் மிஞ்சுவது பெரும்பாலும் பெண்களும் வயசானவங்களும்தான். வயலும் மாடும் பெண்கள் பொறுப்பு.

2001-க்கும் 2011-க்கும் இடையில் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 19% கூடியது. ஆனால் பவுரி கர்வால், அல்மோரா ஆகிய 2 மாவட்டங்களில் மட்டும் குறைஞ்சிருக்கு. 2011-க்குப் பிறகு 734 கிராமங்களில் ஆளே இல்லாமல் போயிடுச்சுன்னு மாநில அரசின் புலம்பெயர்வு ஆணையம் 2018-ல் அறிக்கை கொடுத்தது. வெளியேறியவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம் வேலை. அடுத்தடுத்த காரணங்கள் படிப்பும் மருத்துவமும்.

தலை எண்ணிக்கை ஏன் முக்கியம்?

உதாரணத்துக்கு, பிரதமரின் கிராம சாலைத் திட்டத்தின் 4-ம் கட்டம். சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்களில் 250 பேர் இருக்கிற குடியிருப்புக்குத்தான் சாலை. அதுக்கும் பார்ப்பது 2011 சென்சஸ் எண்ணிக்கையைத்தான். அன்னைக்கு 240 பேர் இருந்த ஊர் இந்தக் கணக்கில் வராது. அன்னைக்கு 260 பேர் இருந்து இன்னைக்கு 40 பேர் மட்டுமே இருந்தாலும், பேப்பரில் அந்த ஊருக்குத் தகுதி உண்டு. சின்ன ஊரில் நாலைந்து குடும்பம் கிளம்பினாலே கோட்டுக்குக் கீழே போயிடும். சாலை வராது. சாலை இல்லைன்னா அடுத்த குடும்பமும் கிளம்பும்.

2027-ல் என்ன மாறும்?

2011-ல் எஸ்.சி, எஸ்.டி மக்களுக்கு மட்டுமே தனி எண்ணிக்கை இருந்தது. மத்தவங்க எல்லாம் ஒரே மொத்தத்தில். இந்த முறை எல்லா சாதிகளும் கணக்கெடுக்கப்படும். 1931-க்குப் பிறகு நாடு முழுக்க சென்சஸில் இப்படி நடப்பது இதுவே முதல் முறை. கணக்கெடுப்புக்கான அடிப்படை தேதி 2027 மார்ச் 1. உத்தராகண்ட் உள்ளிட்ட இடங்களில் இருக்கிற பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1.

உங்க ஊர் கணக்கைப் படிக்கும்போது...

* ஆண்-பெண் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் 0-6 வயது எண்ணிக்கையையும் பாருங்க.

* எழுத்தறிவு சதவீதத்தை மொத்த மக்கள்தொகையில் கணக்குப் போடக் கூடாது. 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில்தான் பார்க்கணும்.

* 'குறு தொழிலாளர்' என்றால் வருஷத்தில் 6 மாசத்துக்கும் குறைவாக வேலை கிடைத்தவர். இந்த எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், அந்த ஊரில் வருஷம் முழுக்க வேலை இல்லைன்னு அர்த்தம். ஊரை விட்டு ஆட்கள் கிளம்புவதற்கான முதல் அறிகுறி அதுவாகவும் இருக்கலாம்.