மேல்வீட்டு நீரும் கீழ்வீட்டுச் சுவரும்

திருப்பதியில் அடுக்குமாடி வீடொன்றில் நாம் குடியேறிய மறு ஆண்டே, மேல்வீட்டுக் குளியலறை நீர் நம் சுவரில் கசியத் தொடங்கிற்று. தமிழர் என்றுதானே அலட்சியம் செய்கின்றனர் என்று உள்ளுக்குள் குமைந்து, மூன்று திங்கள் முகங்கொடுத்துப் பேசாதிருந்தோம். ஒருநாள் நம் இல்லத்தரசி, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலேயே, அவ்வீட்டு அம்மையாரை அழைத்து வந்து சுவரைக் காட்டினார். அவருக்கு அதுவரை செய்தியே தெரியாதாம்! நமக்கு வெட்கமாயிற்று.

பேச்சில் தீராதவற்றை வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குத் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, நகலொன்று வைத்துக்கொள்ளுதல் நலம். அங்கும் தீராவிடில், வழக்குத் தொடுக்குமுன்னரே லோக் அதாலத்தை நாடலாம். சித்தூரில் மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழு உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கு நீதிமன்றக் கட்டணமில்லை. இரு தரப்பும் இசைந்து பெறும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீலும் இல்லை. ஆகையால் தெலுங்கு எழுத்தறியாத நம்மவர், பத்திரத்தை ஒருவரைக்கொண்டு வாசிக்கச் செய்து கேட்டபின்னரே கையொப்பமிடுக.

நம் சச்சரவு அவ்வளவு தூரம் செல்லவில்லை. குழாய்ச் செலவு அவர்களுடையது, பூச்சுக்கூலி நம்முடையது. கறை மட்டும் இன்னும் சிறிது தெரிகிறது.