முத்திரை யாருக்குக் காவல்?

சோழவரத்தைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில், ஒடிசாவிலிருந்து வந்து கல்லறுக்கும் குடும்பங்களுக்கு அரிசியும் போர்வையும் வழங்கச் செல்லும் குழுவினர் மூட்டையை இறக்குமுன் கைபேசியை நீட்டிவிடுகின்றனர். ஐவர் ஒரே போர்வையைப் பிடித்திருக்க, அதை வாங்கும் தாய் எங்கே பார்ப்பதென்று அறியாமல் நிற்கிறாள். மாலைக்குள் அந்தப் படம் முகநூலில் ஏறிவிடுகிறது. இடக்கைக்குத் தெரியாத ஈகையைப் பற்றிய நற்செய்தியை ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று கேட்கும் நம்மவரும் இதற்கு விலக்கல்லர்.

“நன்கொடையாளருக்குச் சான்று வேண்டாமா?” என்கின்றனர். வேண்டும்தான். அதற்குக் கணக்கேடு இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. பசித்தவளின் முகம் எப்போது ரசீதாயிற்று?

“படத்தை எவரும் தவறாகப் பயன்படுத்தாதபடி மூலையில் எங்கள் முத்திரையைப் பதித்திருக்கிறோமே” என்று வேறொரு வாதம். அந்த முத்திரை நிறுவனத்தின் உரிமையைக் காக்கிறது. படத்தில் நிற்பவளை அன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் படம் எடுத்தவருக்கோ, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கோதான் உரிமை தருகிறது. முகத்துக்குரியவளுக்கு அதில் இடமில்லை. மேலும், மூலையை வெட்டியெறிய ஒரு நிமிடம் போதும். வெட்டிய படம் எவனோ ஒருவனுடைய வங்கிக் கணக்கு எண்ணோடு பொய் வசூலுக்குப் புறப்பட்டுவிடும்.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. 2011-இல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளையொன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் மீட்கப்பட்டனர். அப்படி மீண்டு ஊர் திரும்பிய ஒருவருடைய படமும் கிராமத்தின் பெயரும் சேர்ந்து வெளிவந்தால், முன்பணம் கொடுத்துப் பிடித்துவந்த தரகனுக்கு நாமே முகவரி எழுதிக் கொடுத்தவராவோம். மீட்கப்பட்ட குழந்தையின் விசாரணை பற்றிய செய்தியில் அதன் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடலாகாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு வெளியிட்டோம் என்பது அதற்கு விடையாகாது.

1984-85 எத்தியோப்பியப் பஞ்சத்தில் எலும்புந்தோலுமான குழந்தைகளைக் காட்டி நிதி திரட்டிய ஐரோப்பாவின் தொண்டு நிறுவனங்களே, 1989-இல் படங்களுக்கென ஒரு நடத்தை நெறியை வகுத்துக்கொண்டன. நமக்கு மட்டும் அது எட்டாத செய்தியா?

விளம்பரமே வேண்டாம் என்று வாதிடவில்லை. அறுத்து அடுக்கிய கல்லைக் காட்டலாம். உழைத்துக் காய்த்த கைகளைக் காட்டலாம். பிள்ளைகள் பாடம் படிக்கும் கொட்டகையைப் பின்னாலிருந்து எடுக்கலாம். முகந்தான் வேண்டுமென்றால், அரிசியைக் கொடுத்து முடித்த பிறகு, ஒடியா அறிந்த ஒருவரைக்கொண்டு, படம் எங்கே போகும், யார் பார்ப்பர் என்று விளக்கிக் கேளுங்கள். கைநீட்டி நிற்பவளிடம் முன்னதாகக் கேட்டுப் பெறும் தலையசைப்பு இசைவாகாது. அவள் மறுத்தால் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.