மாரடைப்பு வந்தவருக்கு கிட்னி டெஸ்ட் எதற்கு?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கமிருந்து நெஞ்சுவலி என்று ஒருவரை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது, கூட வருபவர்களுக்கு ஒரே கவலைதான்... ‘ஹார்ட்டுக்கு என்ன ஆச்சோ?’ ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி எடுத்த கையோடு ரத்தமும் எடுப்பார்கள். அதில் டாக்டர் பார்க்கும் முக்கியமான எண்களில் ஒன்று, கிரியாட்டினின். ‘வலி நெஞ்சில், டெஸ்ட் கிட்னிக்கா?’ என்று உறவினர்கள் குழம்புவது இங்கேதான்.

மாரடைப்பு வந்தவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று கணிக்க, உலகம் முழுக்க ‘கிரேஸ்’ என்ற மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு கிரியாட்டினினுக்கும் அதில் இடம் உண்டு.

காரணம் இருக்கிறது. 2004-ல் வெளியான ‘வேலியன்ட்’ ஆய்வில், மாரடைப்பால் இதயம் பலவீனமான 14,527 பேரை கவனித்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்) 75-க்குக் குறையாமல் இருந்தவர்களில், மூன்று ஆண்டுகளில் இறந்தவர்கள் 14.1 சதவிகிதம். 45-க்குக் கீழே இருந்தவர்களில் 45.5 சதவிகிதம்! இத்தனைக்கும் கிரியாட்டினின் 2.5-க்கு மேல் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதாவது, டயாலிசிஸ் வரை போகாத, லேசான பாதிப்பே உயிரைத் தொடுகிறது.

ஏன் இப்படி?

இதயம் பம்ப் செய்யும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகம் வாடும். சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கி, இதயத்தின் சுமை கூடும். ரத்தசோகை வரும், ரத்தக்குழாய்கள் தடிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகளின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். கிட்னி பாதிப்பு உள்ள சிலருக்கு நெஞ்சுவலியே தெரியாமல், மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். அதனால் ஆஸ்பத்திரிக்கு வருவதும் தாமதமாகிறது.

1.2 எல்லோருக்கும் ஒன்றல்ல!

ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.2 என்று இருந்தால், ‘நார்மல்தான்’ என்று மடித்து வைத்துவிடுகிறோம். 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால், வடிகட்டும் திறன் சுமார் 86. அதே 1.2, 65 வயதுப் பெண்ணுக்கு என்றால் சுமார் 50தான். 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய். எனவே, ‘இ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு?’ என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கரும்பு வெட்டவும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை, சாயங்காலம் உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரை... இரண்டும் சேர்ந்தால் கிட்னிக்கு அடி. மாரடைப்பு வந்தவருக்கு அந்த மாத்திரை இதயத்துக்கும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

* நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகள் தருகிறார்கள்.

* ‘ஆஞ்சியோ மருந்து கிட்னியைக் கெடுக்கும்’ என்று பயந்து அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கிட்னி பிரச்னை இருப்பதை முன்கூட்டியே சொன்னால், மருந்தின் அளவை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

* பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிரியாட்டினின் இப்போதுதான் ஏறியதா, பல மாதங்களாகவே இருக்கிறதா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

* வீடு திரும்பிய பிறகு, டாக்டர் சொல்லும் நாளில் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், மாரடைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் போதும். இதயத்துக்கு வரப்போகும் ஆபத்தை கிட்னி முன்கூட்டியே சொல்லிவிடும்.