மூன்றுக்கு ஏழு

சியோல் நகரத்தில் பன்றிக்கறி சுடும் கடை எதிலாவது வேலைநாள் சாயங்காலம் நுழைந்தால், மேஜைக்கு மேஜை ஒரே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். நடுவில் அடுப்பு, அதன்மேல் சம்கியொப்சல் என்கிற கொழுப்பு அடுக்கிய வயிற்றுக்கறி, ஓரத்தில் பச்சை பாட்டிலில் சோஜு என்கிற கொரியச் சாராயமும் அரை லிட்டர் பீரும். கூட்டத்தில் ஒருவர், பெரும்பாலும் வயதில் இளையவர், கண்ணாடி டம்ளர்களை நெருக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சோஜு விட்டு, மேலே பீரை ஊற்றுவார். பிறகு ஒரு ஸ்பூனை டம்ளரின் அடிவரைக்கும் இறக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பூனால் அதன் காம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். குபுக்கென்று நுரை கிளம்பி விளிம்புக்கு ஏறும். அவ்வளவுதான், சோமெக் தயார்.

கொரிய சீரியல் பார்க்கிற தமிழ் வீடுகளுக்கு அந்தப் பச்சை பாட்டில் புதிதல்ல. வேலை போன நாயகனும் காதல் முறிந்த நாயகியும் அதைத்தான் திறப்பார்கள். அதே பாட்டில் பீரோடு சேரும்போது கடைப்பிடிக்கிற கணக்கு மூன்றுக்கு ஏழு. சோஜு மூன்று பங்கு, பீர் ஏழு பங்கு. கொரியர்கள் இதைத் தங்க விகிதம் என்கிறார்கள். சுமார் 200 மில்லி டம்ளரில் 60 மில்லி சோஜு, 140 மில்லி பீர். சோஜு குடிக்கிற சின்னக் கிளாஸ் ஏறக்குறைய 50 மில்லி பிடிக்கும் என்பதால், அதில் ஒன்றை நிறைய ஊற்றி மேலே இன்னும் கொஞ்சம் விட்டால் கணக்கு சரி. இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஐஸ் போடக் கூடாது. போட்டால் ஏற்கெனவே லேசான சரக்கு தண்ணீராகிவிடும்.

சோஜுவை முதலில் ஊற்றுவதற்கும் காரணம் இருக்கிறது. சாராயம் கூடுதலாக உள்ள சோஜு பீரைவிட எடை குறைந்தது. லேசானது அடியில் இருக்க, கனமானது மேலிருந்து விழுந்தால் இரண்டும் தானாகவே கலந்துவிடும், கலக்கிவிட வேண்டியதில்லை. ஸ்பூன் தட்டுவது கலப்பதற்கல்ல. பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உசுப்பிக் குமிழாக்குவதற்கு. பாதி வேடிக்கை அதில்தான். தட்டத் தெரிந்தவர் டம்ளரில் ஒரு விரற்கடை நுரை நிற்கும், தெரியாதவர் தட்டினால் மேஜை நனையும்.

ருசியைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடலாம். பச்சை பாட்டில் சோஜு தனியாகக் குடிக்கப் பிரமாதமான பானம் அல்ல. கொரியாவின் பெரிய கம்பெனி பீரும் அப்படித்தான். 2012-ல் ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகை, தென்கொரியாவின் சாப்பாடு காரசாரமாக இருக்கிறது, பீர் சப்பென்று இருக்கிறது, வடகொரியாவின் தேடொங்காங் பீரே தேவலாம் என்கிற மாதிரி எழுதிவிட, சியோலில் பலருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சோமெக்கின் ரகசியமே இந்தச் சப்பையில் இருக்கிறது. கசப்பும் மணமும் தூக்கலான பெல்ஜியம் பீரிலோ, பீப்பாயில் ஊறிய நல்ல விஸ்கியிலோ இந்த வேலை நடக்காது. சோஜுவின் நெடியைப் பீர் அமுக்குகிறது, பீரின் வெறுமையைச் சோஜுவின் லேசான இனிப்பு மறைக்கிறது. இரண்டு குறைகள் கூட்டணி வைத்து மெஜாரிட்டி பிடித்திருக்கின்றன.

அந்தக் குறைகளும் இயற்கையாக வந்தவையல்ல. சோஜுவின் குறை சட்டம் போட்டு வந்தது. சாராயம் வடிக்கிற கலை கொரியாவுக்கு 13-ம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகளோடு வந்தது. அரிசியைப் புளிக்கவைத்து வடித்ததுதான் அசல் சோஜு. ஆந்தோங் ஊரில் இன்றும் 45 சதவீதக் காட்டத்தில் அது கிடைக்கிறது. 1965-ல் அரிசிப் பஞ்சத்தைச் சமாளிக்க, தானிய மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தானியத்திலிருந்து சோஜு வடிக்க அரசு தடை போட்டது. ஆலைகள் சர்க்கரைவள்ளிக்கும் மரவள்ளிக்கும் மாறின. கிழங்கிலிருந்து 95 சதவீத எரிசாராயம் எடுத்து, தண்ணீர் விட்டு இறக்கி, இனிப்பு சேர்த்து பாட்டிலில் அடைத்தார்கள். தடை 1990-களில் விலகிய பிறகும் மக்களின் நாக்கு பழைய ருசிக்குத் திரும்பவில்லை. விலையும் ஒரு காரணம்.

பீர் கதையில் நடித்தவை வெகுகாலம் இரண்டே கம்பெனிகள். ஓபி ஒன்று, பின்னாளில் ஹைட் எனப்பட்டது மற்றொன்று. இரண்டுக்குமே மெனக்கெட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. போட்டி உண்மையில் சூடு பிடித்தது தண்ணீரை வைத்து. 1991-ல் ஓபியின் தாய்க்குழுமமான தூசானின் மின்னணு ஆலையிலிருந்து பீனால் கசிந்து, நாக்தொங் ஆற்றைக் குடிநீராக நம்பியிருந்த தேகு நகரத்தில் குழாய்த் தண்ணீர் நாறியது. கோபம் தூசானின் பீர்மீதும் திரும்பியது. 1993-ல் போட்டிக் கம்பெனி, பூமிக்கு 150 மீட்டர் அடியில் பாறை நீரில் செய்தது என்று விளம்பரம் செய்து ‘ஹைட்’ பீரைக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டில் அது முதலிடம். அப்போதும் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான் இருந்தது, மால்ட்டைப் பற்றியோ ஹாப்ஸைப் பற்றியோ இல்லை.

பீரில் சாராயம் கலப்பது கொரியாவின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க ஆலைத் தொழிலாளிகள் பீரோடு விஸ்கி போட்டார்கள், ரஷ்யர்கள் வோட்காவைக் கலந்தார்கள். ஜெர்மனியின் ஹனோவரில் ஒரே கையில் இரண்டு கிளாஸைப் பிடித்து, மேல் கிளாஸின் தானியச் சாராயம் கீழ் கிளாஸின் பீரில் வழிந்தபடி வாய்க்குள் போக வேண்டும். வித்தை தெரியாதவர் சட்டையை நனைத்துக்கொண்டு வீடு திரும்புவார். கொரியாவிலும் சோமெக்குக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. பெயர் பொக்தான்ஜு, அதாவது வெடிகுண்டுச் சரக்கு. விஸ்கி நிரம்பிய சின்னக் கிளாஸை அப்படியே பீர் டம்ளருக்குள் போட்டு ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ராணுவ ஆட்சி நடந்த 1980-களில் தளபதிகள், அரசு வழக்கறிஞர்கள், அரசியல்வாதிகள், அவர்களோடு ஒட்டிக்கொண்ட பத்திரிகையாளர்கள் என்று மேல்தட்டு ஆண்கள் வட்டத்தில் வளர்ந்த பழக்கம் அது. குடிக்க மறுப்பவன் கூட்டத்துக்கு ஆகாதவன்.

அந்தக் குண்டு ஒருமுறை நிஜமாகவே வெடித்தது. 1999 ஜூனில், தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பொதுப்பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் மதியச் சாப்பாட்டோடு பொக்தான்ஜு போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார். அங்கே நிருபர்கள் இருந்தார்கள். முந்தைய ஆண்டு அரசு நாணய அச்சகத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை நாங்கள்தான் தூண்டிவிட்டோம் என்று அவர்களிடம் பேச்சுவாக்கில் அளந்துவிட்டார். மறுநாளே நீதி அமைச்சரின் பதவி போயிற்று. தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. தென்கொரிய வரலாற்றிலேயே முதன்முறையாகத் தனி விசாரணை வழக்கறிஞர்கள் நியமிக்கப்பட்டது அந்த ஆண்டுதான். அவர்கள் விசாரித்த இரண்டு விவகாரங்களில் இந்த மதிய உளறலும் ஒன்று.

1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு விஸ்கி பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. குண்டுக்குள் சோஜு வந்து உட்கார்ந்தது. ஆபீஸ் முடிந்து மேலதிகாரியோடு கூட்டமாகச் சாப்பிடப் போகிற ஹ்வேஷிக்கில் சோமெக் நிரந்தர இடம் பிடித்தது இப்படித்தான். அங்கே பந்தி முறை கறார். பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும், அவர் எதிரில் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும், தன் கிளாஸைத் தானே நிரப்பிக்கொள்ளக் கூடாது. விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் நல்லது ‘டைட்டானிக்’: பாதி பீர் டம்ளரில் காலி சோஜு கிளாஸை மிதக்கவிட்டு, ஆளுக்கு ஆள் அதில் சொட்டுச் சொட்டாகச் சோஜு ஊற்றுவார்கள். யார் கையில் கப்பல் மூழ்குகிறதோ, மொத்தத்தையும் அவர் குடிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் கை நடுங்காத ஆள் கிடையாது.

இதைப் படித்துவிட்டு நம்மூரில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. இன்றைய சோஜு சுமார் 16 சதவீதம், பீர் நாலரை. மூன்றுக்கு ஏழு போட்டால் டம்ளரில் இருப்பது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம், ஸ்ட்ராங் பீர் 8 வரை போகும். அதே விகிதத்தில் கலந்தால் 18 சதவீதத்தைத் தாண்டிவிடும், அதாவது ஒரு டம்ளருக்குள் இரண்டு சோமெக்குக்கும் மேலே. பீரில் கட்டிங் ஊற்றி அடிப்பதைச் சோமெக்கின் தமிழ்ப் பதிப்பு என்று நினைத்தால் கணக்கு பலமாக உதைக்கும். கரியமில வாயு சேர்ந்த சாராயம் பலருக்கு ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது என்பதும், குளிரும் நுரையும் தொண்டைக்கு எச்சரிக்கை தராமல் உள்ளே இறங்கிவிடும் என்பதும் இதில் சேராத உபரி.

சோஜு எப்போதுமே 16 சதவீதமாக இருக்கவில்லை. 1924-ல் ஜின்ரோ என்ற சோஜு கம்பெனி தொடங்கியபோது 35. 1970-களில் 25-க்கு இறங்கி நெடுங்காலம் நின்றது. 1998-ல் வந்த அதன் சம்மிசுல் பிராண்ட் 23. 17 சதவீதத்துக்குக் குறைந்தால்தான் டிவியில் விளம்பரம் செய்யலாம் என்று விதி இருப்பதால், 16.9 என்ற எண் கம்பெனிகளுக்குத் திடீரென்று பிடித்துப்போனது. பழைய 25 சதவீதச் சோஜுவில் கலந்திருந்தால் சோமெக் 10-ஐத் தாண்டியிருக்கும். தாத்தா குடித்த சோஜுவும் பேரன் குடிப்பதும் பெயரளவில்தான் ஒன்று. காட்டம் குறையக் குறைய மூலப்பொருள் செலவும் குறையும், அதே கிறக்கத்துக்குக் கூடுதல் பாட்டிலும் போகும். ஆலை முதலாளிகள் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சோஜு, பீர் இரண்டு பாட்டிலும் ஒரே மேஜைக்கு வரும் என்பதை அரசும் கவனித்திருந்தது. 2005-ல் ஹைட் பீர் கம்பெனி ஜின்ரோவை வாங்கியபோது, ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டின் விற்பனைப் பிரிவும் தனித்தனியே இயங்க வேண்டும் என்று நியாய வர்த்தக ஆணையம் நிபந்தனை போட்டது. கெடு முடிந்ததும் 2011-ல் இரண்டும் இணைந்து ஹைட்ஜின்ரோ ஆயின. 2019-ல் அது கொண்டுவந்த டெர்ரா பீரும் அதன் சம்மிசுல் சோஜுவும் சேர்ந்த கலவைக்குக் கடைகளில் ‘டெஸ்லா’ என்று பெயர். கார் வாங்க முடியாதவர்களும் டெஸ்லா ஆர்டர் பண்ணலாம். சும்சோரம் சோஜுவைக் கையில் வைத்திருந்த லோட்டே குழுமம், 2014-ல் க்ளவுட் பீரை இறக்கித் தன் ஜோடியைப் பூர்த்தி செய்துகொண்டது. பீர் மட்டுமே வைத்திருந்த ஓபி கடைசியாக 2024-ல் ஜேஜு தீவின் சின்னச் சோஜு கம்பெனி ஒன்றை வாங்கியிருக்கிறது. ஏற்றுமதிக்காக என்று சொல்கிறார்கள்.